வெள்ளை பூத்த சென்சார்

“பாத்ரூம்ல பூசுத பேஸ்ட்டக் கார் இஞ்சின்ல பூசிருக்கான், மைனி!”

தென்காசியில் புகைப் பரிசோதனைக்கு ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றேன். சோதனை முடித்து வந்த டாக்சிக்காரப் பெண் தன் அண்ணியிடம் சொன்னாள்.

“அதனால என்னட்டி?”

“அந்தச் சிலிக்கான் ஆவி ஆக்சிஜன் சென்சாரக் கெடுத்துரும். மெக்கானிக் ரெண்டு தடவ புதுசு மாத்துனாரு, நிக்கல. நாந்தான் கழத்திப் பாத்தேன். நுனி வெள்ளையாப் பூத்திருந்துச்சி. பேஸ்ட்டச் சுரண்டிட்டு, எண்ணெ கசியாம கேஸ்கெட்டும் புது சென்சாரும் மாத்துனேன். இந்தா, பாஸாயிட்டு! இல்லன்னா குத்தால சீசன் ஓட்டமே போயிருக்கும்.”

“கெட்டிக்காரிதாம்ட்டி. வித்தவன் களவாணிப்பய.”

“சேச்சே, அவரு ஹெட்மாஸ்டர்லா. அவருக்குத் தெரியாம எவனோ பூசிருப்பான்.”

விற்பதற்கு முன் எண்ணெய்க் கசிவை மறைக்கப் பூசியவன் அந்த ஹெட்மாஸ்டரான நான்தான். தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றேன்.