நான்காம் தடத்துப் பாராசூட்டுகள்

விடியும் முன்னே தண்ணீரில் விழுந்து, விடிந்த பின்னே வேலைக்கு ஓடும் வீரர்களின் கழகத்துக்குத் தலைமை தாங்கும் பெருமதிப்புக்குரிய சொன் மன்ஹோ அவர்களே! விசிலால் எங்களை விரட்டி, விரட்டுகிற வேகத்தில் எங்கள் வயதையும் விரட்டும் பயிற்சியாளர் சோல் தோயோங் அவர்களே! முன்வரிசையில் குவாமேகிக் கருவாட்டுத் தட்டுக்கு முன்னால் கைகட்டி நல்ல பிள்ளைகளாய் நடிக்கும் பெரியோர்களே! குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டுக் குளத்துக்கு வந்து, சோறு வேகும் முன்னே எங்களை முந்திப்போகும் தாய்மார்களே! ஐந்தாம் தடத்தில் என்னோடு மிதக்கும் – நீந்தும் என்றால் பொய்யாகிவிடும் – என் அருமைத் தோழர்களே! பழைய பேருந்து ஓட்டுநர் போங் தேயிலின் பணிவான வணக்கம்.

ஆண்டுக் கடைசி விருந்தில் இரண்டு வார்த்தை பேசு என்றார் தலைவர். ஓட்டுநராய் இருந்த காலமெல்லாம் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்தான் பேசினார்கள். இன்றுதான் எல்லோரும் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். விடுவேனா?

என்ன, சூப் ஆறுகிறதா? ஆறட்டும் ஐயா, குடிக்க வசதியாக இருக்கும்.

நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் எது? போஹாங் நகரின் பெருமையா? கிழக்குக் கடலின் அழகா? இல்லை! நம் குளத்தோரம் வலைப்பையில் தொங்குகிறதே, அந்த இழுவைச் சாமான்கள்! இடுப்பில் கட்டினால் முதுகுக்குப் பின்னே குடைபோல் விரிந்து, ஓர் அடி போனால் அரை அடி இழுக்கும் பாராசூட்! பைபையாய்த் தைத்து, பை நிறையத் தண்ணீரைச் சுமக்கவைக்கும் இடுப்புவார்! காலில் மாட்டினால் கால் கனக்கும் வலைக்காலுறை! உலகத்தார் எல்லாம் சுமையை இறக்கிவைக்க அலைகிறார்கள். நாமோ சந்தா கட்டிச் சுமையை ஏற்றிக்கொள்கிறோம். தண்ணீர் போதாது என்று தண்ணீரைக் கெட்டியாக்கி நீந்துகிற கூட்டம் நம்மைத் தவிர வேறு யார்?

இந்தச் சாமான்களை வைத்து நான்காம் தடத்தில் இந்த ஆண்டு ஒரு சதி நடந்தது. நான் அந்தச் சதியில் இல்லை. பக்கத்துத் தடத்தில் மெதுவாகப் போகிறவனுக்கு எல்லாம் தெரியும், அவ்வளவுதான்.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. தடத்தில் முதல் ஆளாய்ப் புறப்பட யாருக்காவது மனம் வருமா? "நீங்க போங்க." "ஐயோ, நீங்க போங்கண்ணே." "எனக்கு இன்னிக்கு முழங்கால் சரியில்ல, நீங்க போங்க." சோல் டீச்சர் விசிலை ஊதி ஊதிக் கன்னம் வீங்கி, "யாராவது ஒருத்தர் போய்த் தொலைங்களேன்!" என்று கத்துவார். இந்த மரியாதை நோய் அண்டாத ஒரே தடம் நான்காம் தடம். காரணம், கூ மல்சுன் அக்கா! மீன் சந்தையில் கத்தியும் கையுமாய் நின்ற அந்த அம்மையார், யாரையும் பார்க்காமல் முதல் ஆளாய்ப் பாய்வார். மற்றவர்கள் வாத்துக் குஞ்சுகளாய்ப் பின்னால் போவார்கள். எத்தனையோ ஆண்டுகள் அப்படித்தான்.

பிறகு அக்காவின் தோளில் தசைநார் கிழிந்தது. அறுவைச் சிகிச்சை. ஓர் ஆண்டு அவர் வரவில்லை. இளவேனிலில், செர்ரி பூத்த வாரத்தில், திரும்பி வந்தார். தன் பழைய இடத்தில் போய் நின்றார். அந்த இடத்தை யாரும் எடுத்துக்கொண்டிருக்கவில்லை. எடுப்பார்களா? எடுக்கத்தான் மனம் வருமா?

முதல் நாள். அக்கா முன்னே. பின்னே நம் பியோ கிஹ்வான், அவர் பின்னே சலவைக்கடை யோம் ஜேசுக், பின்னே மற்றவர்கள். அக்காவின் கை பாதிதான் எழுந்தது. வேகம் இல்லை. குறுகிய சாலையில் மாட்டுவண்டிக்குப் பின்னால் என் பேருந்து மாட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது தடம். திடீரென்று பியோவின் விரல் அக்காவின் பாதத்தில் பட்டுவிட்டது. முன்னால் போகிறவரின் காலைத் தொட்டால் நம் ஊரில் என்ன பொருள்? "ஒதுங்குங்க, நான் போகணும்!"

அக்கா சுவரைப் பிடித்து நின்று, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"யாரு என் காலைத் தொட்டது?"

பியோ சொன்னார்: "மீனாத்தான் இருக்கும்க்கா."

மீன்! குளோரின் தொட்டியில் மீன்! சொன்னது யாரிடம்? வாழ்நாளெல்லாம் மீன் அறுத்த பெண்ணிடம்!

பியோ அண்ணே, தலையைக் குனியாதீர்கள். இன்னும் நிறைய இருக்கிறது.

அன்றைக்குக் காப்பி இயந்திரத்தருகே ரகசிய மாநாடு. "மெதுவாப் போனாலும் ஒட்டிடுறோமே, என்ன பண்றது?" என்றார் பியோ. "அக்கா மனசு உடைஞ்சா நாளைலேர்ந்து வரமாட்டாங்க," என்றார் ஜேசுக். அவருடைய கண் வலைப்பையில் விழுந்தது. "அதை மாட்டிக்கிட்டா?"

மறுநாள் நான்காம் தடத்தில் அணிவகுப்பு! ஜேசுக்குக்கு இடுப்புவார். ஒருவருக்கு வலைக்காலுறை. பியோ அண்ணனுக்கோ இரண்டு நீச்சல் உடை, அதன்மேல் வார், அதற்கும் மேலே பாராசூட்! "என்னடா இது?" என்று கேட்டார் அக்கா. "தொப்பை கரையணும்க்கா," என்றார் பியோ. அவர் தொப்பையைப் பார்த்தவர் யாரும் அதை நம்பாமல் இருக்க முடியாது. அக்காவும் நம்பினார்.

புதிதாக வந்த நம் டீச்சரும் நம்பினார். "இவ்வளவு ஆர்வமான வகுப்பை நான் பார்த்ததே இல்ல!" என்று கண் கலங்கினார். பாவம்.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க, ஒருத்தராலயும் என்னைப் பிடிக்க முடியல!" என்று எல்லோருக்கும் கணவாய் மீன் கொண்டுவந்து கொடுத்தார். சதிகாரர்கள் அதையும் வாங்கிச் சப்புக்கொட்டித் தின்றார்கள். "தோள் பழையபடி ஆயிடுச்சு," என்று நகரப் போட்டித் தொடர் நீச்சலுக்கும் பெயர் கொடுத்தார்.

சபையோரே, இங்கேதான் சிரிப்பு நிற்கிறது. மருத்துவமனையில் அக்காவுக்கு ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருந்தார்கள். கதவில் கட்டி நாள்தோறும் இழுக்க வேண்டும், அப்போதுதான் தோள் இளகும். தோள்தான் குணமாகிவிட்டதே, இனி எதற்கு? அதைச் சுருட்டி இழுப்பறையில் போட்டுவிட்டார் அக்கா. குளத்தில் இருந்த சுமையை இவர்கள் எடுத்து மாட்டினார்கள். வீட்டில் இருந்த சுமையை அவர் கழற்றிப் போட்டார். இவர்கள் நாளுக்கு நாள் இரும்பானார்கள். அவர் தோள் நாளுக்கு நாள் இறுகிப்போனது. அன்பு செய்த வேலை இது! ஆம், அன்புதான் செய்தது!

இலையுதிர்காலத்தில் ஒரு காலை. சாமான்களின் ரப்பர் பிசுபிசுக்கிறது என்று டீச்சர் வலைப்பையை அலசிக் காயவைக்க வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். கொக்கி காலி. பியோவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மாதக்கணக்கில் பாராசூட்டை இழுத்த உடம்பு, பாராசூட் இல்லாமல் தண்ணீரில் இறங்குகிறது. இறங்கியது. இரண்டு கை போட்டார், அக்காவின் குதிகாலுக்கு வந்துவிட்டார். நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. காலைக் கீழே விட்டார், கையால் பின்னோக்கித் துழாவினார், தண்ணீரில் நடந்தே பார்த்தார். பின்னால் ஜேசுக் அவர் முதுகில் மோத, ஜேசுக்கின் மேல் மற்றவர்கள் மோத, நான்காம் தடமே ஒரு குவியலாயிற்று. நான் என் தடத்தில் சிரித்துத் தண்ணீர் குடித்துவிட்டேன்.

அக்கா சிரிக்கவில்லை. தடத்தின் நடுவிலேயே நின்றார்.

"பியோ. நீ முன்னால போ."

"நீங்க போங்கக்கா..."

"போன்னு சொன்னேன்ல. உன்னால முடிஞ்ச மட்டும் வேகமா."

பியோ போனார். அந்த வேகத்தை அவரே எதிர்பார்க்கவில்லை. போய்த் தொட்டு, திரும்பி, அக்கா மூச்சு வாங்கி முடிக்கும் முன்னே வந்து நின்றார். அக்கா காலிக் கொக்கியைப் பார்த்தார்.

"இது எத்தனை நாளா நடக்குது?"

ஜேசுக் அழுதுவிட்டார். "நீங்க வராம போயிடுவீங்கன்னு பயந்துதான்க்கா..."

"நான் தராசோட வாழ்ந்தவ. தட்டுல எவன் விரலை வச்சாலும் கண்டுபிடிச்சிடுவேன். நீங்க எல்லாரும் சேர்ந்து தட்டுல விரலை வச்சு என்னையே எடை போட்டிருக்கீங்களே! கை தலைக்கு மேல ஏறலையேன்னு கொஞ்ச நாளா பார்க்கிறேன். களைப்புன்னு நினைச்சேன். குளத்துலதான் நான் ஜெயிக்கிறேனே, தோளுக்கு என்ன கேடுன்னு நினைச்சேன்டா!"

ஏறினார். துண்டை எடுத்தார். போய்விட்டார்.

மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நான்காம் தடத்தில் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதல் இடம் வெறுமையாகவே கிடந்தது. இன்னொரு முறை தோளைக் கீற வேண்டியிருக்குமோ என்று மருத்துவர் சொன்னதாகச் செய்தி வந்தது.

ஒருநாள் கதவு திறந்தது. மல்சுன் அக்கா! வந்தவர் முதல் இடத்துக்குப் போகவில்லை. வரிசையின் வாலில், கடைசி ஆளாய்ப் போய் நின்றார். பியோ பதறி, "அக்கா, இங்க வாங்க," என்றார்.

"வாயை மூடிட்டு நீந்து. அந்த வலைப்பையில கைவச்சவன் கையை வெட்டிப்புடுவேன்." பிறகு டீச்சரைப் பார்த்து, "தோளுக்குக் கதவு ரப்பர் போதும், தினம் இழுக்கிறேன். காலுக்கு ஏதாவது குடுங்க டீச்சர். நிஜமான பாரமா குடுங்க," என்றார்.

வலைக்காலுறையை வாங்கி மாட்டிக்கொண்டார். மிதவைப் பலகையைப் பிடித்து, கை ஓய்ந்திருக்க, கால் மட்டும் அடித்தார். எல்லோரும் அவரை முந்திப்போனார்கள். முந்த விட்டார். அடித்துக்கொண்டே இருந்தார்.

பெரியோர்களே, தாய்மார்களே! சுமை தீதா? இல்லை! நான் மாட்டிய சுமை என்னை வளர்க்கும். உனக்காக நான் மறைத்து மாட்டிய சுமை உன்னைத் தேய்க்கும். ஒருவருக்குப் பின்னால் போவது மட்டுமா மரியாதை? முந்த வேண்டிய இடத்தில் முகத்துக்கு நேரே முந்திப்போவதும் மரியாதை! "நீ தாங்குவாய்" என்று நம்புவது மரியாதை! "நீ தாங்கமாட்டாய்" என்று முடிவுகட்டி மெதுவாய்ப் போவது, எத்தனை இனிப்பாய் இருந்தாலும், அவமரியாதை! அவமரியாதை!

கைதட்டல் போதும். கதை முடியவில்லை.

போன வாரம், பலகைப் பயிற்சி. பியோ அண்ணன் இடுப்பில் வார் இல்லை, பாராசூட் இல்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், டீச்சரும் பார்த்தார். மனிதர் வெந்த ஆக்டோபஸ் நிறத்தில் முக்கி முக்கி அடிக்கிறார். முந்தின இரவு குடித்த சோஜு மட்டுமே அவரைப் பின்னால் இழுத்திருக்கலாம். அப்போது அவர் பாதத்தில் ஏதோ தட்டியது. இன்னும் வேகமாய் அடித்தார். மறுபடியும் தட்டியது. சுவருக்கு வந்து மூச்சிரைக்கத் திரும்பினார்.

"யா... யாரு என் காலைத் தொட்டது?"

வரிசையின் வாலிலிருந்து ஒவ்வொருவராய் முந்தி வந்திருந்த மல்சுன் அக்கா பலகையைத் திருப்பிக்கொண்டே சொன்னார்: "மீனாத்தான்டா இருக்கும்."

பியோ ஒதுங்கினார். அக்கா போனார்.

இதோ, அந்த அக்கா எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையை ஓங்குகிறார். சபையோரே, நன்றாகப் பாருங்கள்! கை எங்கே இருக்கிறது? தலைக்கு மேலே!

சூப் ஆறும்வரை பொறுத்த உங்களுக்கு நன்றி. மைக்கைப் பிடுங்காத தலைவருக்கு நன்றி. பியோ அண்ணே, இன்றிரவு சோஜுவைக் குறையுங்கள், நாளைக் காலையில் உங்கள் காலுக்குப் பின்னால் அக்கா இருப்பார். எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள், வணக்கம்!