சேமித்து வைத்த இரண்டு விண்ணப்பங்கள்

என் கடைக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், டீச்சர். தூசி போனால் கம்ப்யூட்டர் படுத்துவிடும். பசுமலையில் இருக்கும் பிரவுசிங் சென்டர்களில் எல்லா மெஷினும் ஒழுங்காக ஓடுவது என்னுடையதில்தான். எதையும் நான் கவனமாகச் செய்கிறவன். நேற்று நீங்கள் போனில் கேட்ட விஷயமும் கவனக்குறைவால் நடந்தது இல்லை.

"கணக்குல எரநூத்துக்கு எரநூறு வாங்குன பிள்ளைக்கு ரெண்டு வருஷமும் எப்படிப்பா சீட்டு கிடைக்காமப் போச்சு?" என்று கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மீனலோசனி என்னைவிடப் பதினான்கு வயது இளையவள். அப்பாவும் அம்மாவும் ஒரே பஸ் விபத்தில் போனபோது அவளுக்கு ஏழு வயது. அவளுக்காகத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். கல்யாணப் பேச்சை எடுத்த உறவுக்காரர்களிடம், தங்கச்சி படிப்பு முடியட்டும் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டினேன். கடையில் வாடிக்கையாளர்கள் முன்னால் அவள் என்னிடம் தமிழில் பேசுவாள். வீட்டுக்குள் வந்துவிட்டால் எங்கள் சௌராஷ்டிர பாஷைதான். சமைத்துக்கொண்டே அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்லி முடிப்பாள். எனக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது.

இரண்டாயிரத்து ஆறில் பிளஸ் டூ முடித்தாள். கோயம்புத்தூர்க் கல்லூரியில் கணிதம் படிக்கலாம் என்று சொன்னவர் நீங்கள்தான். அங்கே விண்ணப்பத்தை ஆன்லைனில் போட வேண்டும். அப்போது பிள்ளைகள் யாருக்கும் இமெயில் கிடையாது. வருகிற எல்லாருக்கும் கடை இமெயிலையும் கடை போன் நம்பரையும்தான் கொடுப்பேன். இவளுக்கும் அதையே கொடுத்தேன்.

மூன்றாம் நம்பர் மெஷினில் பக்கத்தில் உட்காரவைத்து, பெயர், பிறந்த தேதி, மார்க் எல்லாம் அவளையே அடிக்கச் சொன்னேன். போட்டோ நன்றாக விழவில்லை என்று இரண்டு தடவை மாற்றினாள். கடைசிப் பக்கத்தில் இரண்டு பட்டன். ஒன்று சேமிக்க, இன்னொன்று அனுப்ப. "நெட்டு மெதுவா இருக்கு, நீ வீட்டுக்குப் போம்மா, நான் பாத்துக்கிறேன்" என்றேன். சேமித்தேன். அனுப்பவில்லை.

அவளுக்கு வீசிங் உண்டு, கோயம்புத்தூர்க் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அன்று நினைத்தேன். ஹாஸ்டல் சாப்பாட்டையும் நினைத்தேன். மதுரைக் கல்லூரிகளில் படித்தாலும் முதலில் டிகிரி, பிறகு வேலை, பிறகு வெளியூர் என்றுதானே போகும். அதனால் கோயம்புத்தூர் நிச்சயம் வந்துவிடும், இங்கே எதற்கு வீணாகப் போடுவது என்று அவளிடம் சொல்லி அதையும் நிறுத்தினேன்.

கடையில் போன் அடிக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு மாதம் பொறுத்தேன். அதற்குமேல் பார்க்கச் சகிக்கவில்லை. கல்லூரியின் இணையப் பக்கத்திலிருந்து முத்திரையை எடுத்து, 'வருந்துகிறோம்' என்று ஒரு கடிதம் அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். நல்ல தாளில்தான் எடுத்தேன். அழுதாள். அல்வா வாங்கி வந்து கொடுத்தேன், அதையும் சாப்பிட்டாள்.

அவள் மனம் விடவில்லை. அடுத்த வருஷமும் போடணும் என்றாள். அதையும் சேமித்து வைத்தேன். ஆனால் வருஷா வருஷம் இவள் இப்படி ஏங்குவது எனக்கு வேதனையாக இருந்தது. அதனால் இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன். 'மதிப்பெண் இருந்தாலும், விண்ணப்பதாரருக்குக் கணிதத்தில் அடிப்படைத் திறன் போதவில்லை.'

அந்த வரி வேலை செய்தது. அப்புறம் அவள் கேட்கவே இல்லை. தெருப் பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டிருந்த கணக்கு டியூஷனை நிறுத்தினாள். உங்களிடம் வாங்கிய பரிசுக் கோப்பையைப் பரணில் போட்டாள். பஸ் ஸ்டாப்பில் உங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள், என்ன கோபமோ என்று வருத்தப்பட்டீர்களே, அது கோபம் இல்லை டீச்சர். உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கம். உங்களை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடையில் என்னோடு உட்கார்ந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. மற்ற பிள்ளைகளின் விண்ணப்பங்களை அவள்தான் போட்டாள். ஒன்றில்கூடத் தப்பு வந்ததில்லை.

இது மூன்றாவது வருஷம். போன மாதம் பேரையூரிலிருந்து விருமாண்டி என்பவர் தன் மகள் தங்கப்பொண்ணைக் கூட்டி வந்தார். அதே கோயம்புத்தூர்க் கல்லூரி. அந்தக் கல்லூரிக்கு எப்போதும் நானேதான் விண்ணப்பம் போடுவேன். அன்று பேங்க் வரை போயிருந்தேன். மீனா கடை இமெயிலை அடித்ததும், இதே இமெயிலில் அனுப்பாத விண்ணப்பங்கள் இரண்டு இருக்கின்றன என்று திரை காட்டியிருக்கிறது. திறந்து பார்த்திருக்கிறாள். இரண்டு தடவை மாற்றிய அந்தப் போட்டோ.

நான் திரும்பியபோது தங்கப்பொண்ணின் விண்ணப்பத்தை முடித்துக்கொண்டிருந்தாள். "விண்ணப்ப நம்பர் வந்துருச்சான்னு உன் கண்ணால பாத்துட்டுத்தான் எந்திரிக்கணும், தாயி. யாரு பாத்துக்கிறேன்னு சொன்னாலும் எந்திரிச்சிறாத" என்றாள். அவர்களை அனுப்பிவிட்டு, தன்னுடைய இரண்டையும் பிரிண்ட் எடுத்து என் மேஜையில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகும் தமிழிலேயே கேட்டாள்.

"அந்தக் கணக்கு வரியும் நீங்க எழுதுனதா?"

ஆமாம் என்றேன். அவளிடம் ஒருநாளும் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றிலிருந்து வீட்டிலும் தமிழ்தான். "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." "கடைக்குப் போயிட்டு வாரேன்." நான் எங்கள் பாஷையில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது. நம் பாஷையில் ஒரு வார்த்தை பேசு என்று நேற்று கேட்டேன். அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீசிங்கும் குளிரும் காரணமில்லை என்று எனக்கே தெரியும். வீட்டில் எனக்குப் பேச ஆள் வேண்டும் என்பதற்காகச் செய்தேன். இரண்டு வருஷமும் நான்தான் செய்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வருஷத்துக்கு நானே உட்கார்ந்து அனுப்பிவிடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு திருப்பரங்குன்றத்தில் வேறொரு கடைக்குப் போய் விண்ணப்பத்தைத் தொடங்கியிருக்கிறாள். நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள், டீச்சர். அந்தக் கடைக்காரனுக்குப் பொறுப்பு போதாது. என் தங்கச்சி விண்ணப்பத்தில் ஏதாவது தப்புச் செய்துவிடுவானோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.