மூக்கைத் தொட்டுக் காட்டு

— "நீ நிஜ மனுஷிதானா? அப்படின்னா மூக்கைத் தொட்டுக் காட்டு." நேரலையில சாக்ஸ் வித்துக்கிட்டிருக்கும்போது ஒருத்தி என்னைக் கேட்டாளே, ஞாபகம் இருக்கா லிஃபென்? நீதானே கேமராவுக்குப் பின்னாடி நின்னே.

— ஞாபகம் இல்லாம என்ன அண்ணி. நீங்க தொட்டுக் காட்டினீங்க. உடனே காதைத் தொடு, நாக்கை நீட்டுன்னு வரிசை கட்டிட்டாங்க. அன்னிக்கு என்ன வியாபாரம்! பொட்டலம் கட்டிக் கட்டி என் விரலெல்லாம் கொப்புளம்.

— நேத்து நானே கேட்டேன்.

— யாரை?

— என்னை. இந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே போன்ல நம்ம கடையைத் திறந்தேன். நான் அங்க உக்காந்து சாக்ஸை இழுத்து இழுத்துக் காட்டிக்கிட்டிருக்கேன். என் சிவப்பு ஸ்வெட்டர். என் தெத்துப்பல்லு. "ஹைதாங், தொண்டை எப்படி இருக்கு?"ன்னு எழுதிக் கேட்டேன்.

— ஐயய்யோ, உங்களுக்கு வேற வேலையே இல்லையா.

— "தொண்டைக்கு என்ன, நம்ம வீட்டு மக்களே, மணி மாதிரி இருக்கு! ஆறு ஜோடி எடுங்க, ஏழாவது சும்மா!"ன்னுச்சு. என் குரல்ல. எனக்கே இப்ப இல்லாத குரல்ல.

— பேசாதீங்க, பேசாதீங்க. டாக்டர் பேசவே கூடாதுன்னாரு. இந்தப் பேரிக்காய்த் தண்ணியைக் குடிங்க. கல்கண்டு போட்டு அம்மா காய்ச்சிக் குடுத்தாங்க.

— பேசக் கூடாதுங்கறே. பேச வைக்கத்தானே வந்திருக்கே?

— கேளுங்க அண்ணி. திட்டாம கேளுங்க. நேரலை ஓடற தளத்துல விதியை மறுபடி மாத்திட்டாங்க. பேசறது பொம்மைன்னு கண்டுபிடிச்சா ஓரத்துல 'இது பொம்மை'ன்னு எழுத்துப் போட்டுடறாங்க. எழுத்து விழுந்த கடைக்குப் பாக்கற ஆளை அனுப்பறதே இல்ல. முந்தாநாள் பாத்தது நாப்பது பேரு. நாப்பது பேருக்கு நான் பஸ் ஸ்டாண்டுல நின்னு கூவிக்கலாம்.

— அந்தப் பொம்மையைக் கம்ப்யூட்டர்ல செய்யக் குடுத்தது யாரு? உங்க அண்ணன். நான் பேசின பேச்சு, சிரிச்ச சிரிப்பு, எல்லாத்தையும் மொத்தமா அள்ளிக் குடுத்தாரு. "இனி நீ ஓய்வெடு ஹைதாங்"னாரு. புருஷனுக்குக் கரிசனம் வந்துருச்சுன்னு நானும் நம்பினேன்.

— கரிசனம்தான் அண்ணி! அப்பப் பொம்மைக்குத்தான் மவுசு. நம்ம தாதாங் ஊர்ல எந்த சாக்ஸ் கடைக்காரன் பொம்மை செய்யல? எதிர்க்கடை லோவ் செத்துப்போன அவன் சம்சாரத்தையே உக்கார வச்சு வித்தான்.

— அவளாவது செத்த பிறகு உக்காந்தா.

— குத்திப் பேசாதீங்க. இப்ப மறுபடி மனுஷங்கதான் வேணுமாம். நவம்பர் பதினொண்ணு, அந்த இரட்டைப் பதினொண்ணு தள்ளுபடி அடுத்த வாரம். அது முடியற வரைக்கும் நீங்க வந்து உக்காந்தாப் போதும். ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாம். அவ்வளவுதான் விஷயம்.

— அவ்வளவுதான்.

— பேசக்கூட வேண்டாம்! வாயை மட்டும் அசைங்க. குரலைப் பொம்மைகிட்டேருந்து எடுத்துக்கலாம். யாராவது சந்தேகப்பட்டா மூக்கைத் தொடுங்க.

— என் வாய்க்கு என் குரலையே இரவல் வாங்கித் தர்றீங்க.

— அண்ணி...

— டாக்டர் என்ன சொன்னாருன்னு உனக்குத் தெரியுமா? இது கத்திக் கத்தி வந்த வெறும் கொப்புளம் இல்லையாம். வியாழக்கிழமை வெட்டியே ஆகணுமாம். வெட்டினா குரல் போயிடும். விட்டா ஆளே போயிடும். உங்க அண்ணன்கிட்டயும் சொன்னாரு. நீ நிக்கிற இதே இடத்துல.

— குவோலியாங் அண்ணன் ஒரு வாரம் தாங்கும்னுதானே சொன்னாரு.

— அவரு தாங்குவாரு.

— ...நான் என்ன அண்ணி பண்ணட்டும்? பட்டறையில பாதி மெஷினை சாக்குப் போட்டு மூடியாச்சு. அம்மா ராத்திரி தூங்கறதில்ல. என்னைப் போய்ப் பேசிட்டு வான்னு அனுப்பினா, நான் வரமாட்டேன்னு சொல்ல முடியுமா?

— நான் எதுக்காவது முடியாதுன்னு சொல்லியிருக்கேனா? போட்டோவும் நாலு வரியும் போதும்னாங்க, எழுதினேன். அப்புறம் போட்டோவை எவனும் பாக்கறதில்ல, வீடியோதான்னாங்க. இடுப்பை ஆட்டினேன். அப்புறம் நேரலை. நடுவுல பேச்சை நிறுத்தினா ஆளுங்க ஓடிடறாங்கன்னு ஒண்ணுக்குக்கூடப் போகாம கத்தினேன். நீதான் தண்ணி குடிக்காதேன்னு சைகை காட்டுவே.

— உங்க நல்லதுக்குத்தான்...

— தெரியும். நான் உன்னைக் குத்தம் சொல்லல. வியாழக்கிழமை வெட்டிக்கப் போறேன், அதுல மாத்தமில்ல. அதுக்கப்புறம் என் குரல் எங்கயும் கேக்கக் கூடாது. பொம்மையை அழிக்கச் சொல்லு. அது ஒண்ணுதான் உங்க வீட்டுலேருந்து நான் கேக்கறது. போன் பண்ணினா உங்க அண்ணன் எடுக்கல.

— அழிக்க மாட்டாரு அண்ணி. தளம் நாளைக்கே மனசு மாறி மறுபடி பொம்மைதான் வேணும்னா? முகமும் குரலும் கடைக்குன்னு நீங்களே பத்திரத்துல சிவப்பு மையில விரல் வச்சிருக்கீங்க.

— காய்ச்சல்ல கிடந்தேன். விரலைப் பிடிச்சு வச்சது நீ.

— சரி, நான்தான் வச்சேன். என்ன இப்ப? பொம்மைதானே! அதுக்கு வலிக்குதா, பசிக்குதா? ஒரு மூலையில பேசிக்கிட்டுக் கிடந்துட்டுப் போகுது. அதனால யாரு குடி கெட்டுச்சு?

— இதைச் சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.

— எதை?

— தாவ்தாவ் எங்க இப்போ?

— என் பொண்ணா? பள்ளிக்கூடத்துல. இந்நேரம் கணக்குப் பாடம். ஏன்?

— புதுவருஷ லீவுல உங்க அண்ணன் அவளை ஆட வச்சுப் பாட வச்சு வீடியோ எடுத்தாரே. கதைப் புத்தகம் முழுக்கச் சத்தமாப் படிக்க வச்சாரு.

— மாமா ஆசையா எடுத்தாரு. அவளும் குதிச்சா. அதுக்கென்ன?

— குழந்தைங்களை நேரலையில உக்கார வைக்கக் கூடாதுன்னு தளத்துல விதி இருக்கு. பொம்மைக்கு வயசு ஏது?

— அண்ணி, என்ன சொல்றீங்க?

— உங்க அண்ணன் வேற பேருல ஒரு கடை வச்சிருக்காரு. எழுத்து விழுந்தா மூடிட்டு இன்னொரு பேருல திறக்கறாரு. நேத்து தற்செயலாப் பாத்தேன். இந்தா, இப்பவும் ஓடுது. கிட்ட வா. சத்தம் வைக்கிறேன்.

— இது... இந்த ரிப்பன் நான் கட்டிவிட்டது.

— கேளு.

— "அத்தைகளே, மாமாக்களே! என் பேரு தாவ்தாவ், எனக்கு ஏழு வயசு. எங்கம்மா போன வருஷம் செத்துட்டாங்க. இந்த சாக்ஸெல்லாம் அவங்க கையால பின்னி வச்சுட்டுப் போனது. ஒரு ஜோடி எடுத்துக்கோங்களேன்..."

— லிஃபென். உக்காரு. லிஃபென்... அது என் போன். சரி, எடுத்துக்கிட்டே போ, உங்க அண்ணன்கிட்டயே காட்டு.