இயர்ஃபோனுக்கு ஒரு ஷூ

"இயர்ஃபோனுக்கு ஷூ தெச்சிப் போட்டுட்டேன்க்கா" என்று பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து குரல் கேட்டதும் என் கை சட்டைப் பைக்குப் போனது. உள்ளே மகளின் விலை உயர்ந்த இயர்ஃபோன். அவளுக்குத் தெரியாமல் எடுத்து, போனில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில் ஒயரைப் பிய்த்துவிட்டு, ரிப்பேர் கடை தேடி ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

பேசியவர்கள் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர்.

"ஷூவா? இன்னாடி சொல்ற?"

"பின்னுகிட்ட ஒயர் பிஞ்சிடுச்சுக்கா. கம்பெனில கழிச்சுப் போட்ட லைனிங் தோல காகிதமாட்டம் மெலிசா சீவி, சுத்தி, தெச்சிட்டேன். இனிமே அங்க மடங்காது."

"ஊசி ஒயர்ல குத்தியிருந்தா?"

"ஓரத்துலதான் தையல். ஷூ நாக்கு தெக்கிற கைக்கு இதெல்லாம் இன்னாக்கா?"

அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட் இடுக்கு வழியாக நானும் பார்த்தேன். ஒரு தையல்கூடக் கோணவில்லை. எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது.

"பாட்டு கேக்குதா?"

"ஜோரா கேக்குது."

"யாரு பிச்சது?"

"எங்க வூட்டுக்காரர்தான்."

"ஒத்துக்கினாரா?"

"எங்க? பிச்சவங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியாதாக்கா?"

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர்கள் பள்ளிகொண்டாவில் இறங்கும்வரை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை.