ஆளில்லை என்று பூட்டிய வார்டு

அன்று மதியம் ஆஸ்பத்திரிப் பழைய கட்டடத்து மூன்றாம் மாடி வார்டில் இருந்தவர்கள்: நான், கட்டிலில் என் தங்கை, பொறுப்பு நர்ஸ், வாட்ச்மேன், பிறகு ஓடி வந்த கம்ப்யூட்டர்காரர். வேறு யாரும் இல்லை. என்னைத் தையல்காரம்மா என்பார்கள். வயது எழுபத்தொன்று. ரயில் பாதைக்குப் பின்தெருவில் சலவைக்கடை மாடியில் குடியிருக்கிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், காதில் விழுந்ததை மறக்க மாட்டேன்.

அன்று காலை தண்ணீர்க் குழாய் உடைந்ததால் அந்த வார்டு நோயாளிகளைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மதியம் நான் அங்கே போய்க் கட்டில் கட்டிலாகத் தேடியும் தங்கையைக் காணவில்லை. அதன் பிறகு நர்ஸைக் கேட்டதற்கு, "லிஸ்ட்ல உள்ள எல்லாரும் வந்தாச்சும்மா. இவங்க பேரு இல்ல. டிஸ்சார்ஜ் ஆகியிருப்பாங்க" என்றார்.

"அவளை எழுப்பி உட்கார வைக்கவே ரெண்டு பேர் வேணும். டிஸ்சார்ஜ் ஆகி டான்ஸ் ஆடவா போனா?" என்று கேட்டுவிட்டு நான் பழைய கட்டடத்துக்கு நடந்தேன். நர்ஸும் பின்னால் வந்தார், வாட்ச்மேன் பூட்டைத் திறந்தார். ஒரு கட்டிலைச் சுற்றித் திரை மூடியிருந்தது. லிஸ்ட்டில் உள்ள பெயரைக் கூப்பிட்டுக் கட்டிலைத் தள்ளிப் போவார்களாம், திரையை விலக்கிப் பார்ப்பதில்லையாம், நர்ஸ் சொன்னார். நான் விலக்கினேன். குளுக்கோஸ் பாட்டில் காலியாகிக் குழாயில் ரத்தம் ஏறியிருந்தது. உதடு வெடித்திருந்தது. தங்கை, "எல்லாரும் எங்கக்கா?" என்றாள்.

அதன் பிறகு வந்த கம்ப்யூட்டர்காரர் சொன்னதாவது: நோயாளிகளுக்கு ஒரு அட்டவணை, உறவினர்களுக்கு ஒரு அட்டவணை. வார்டு மாற்றுவதை உறவினருக்குப் போனில் சொல்ல வேண்டி இரண்டையும் இணைத்து அந்த லிஸ்ட்டை எடுத்திருக்கிறார். இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் பெயர் வருமாம். தங்கைக்கு உறவினர் கட்டம் காலி, ஆகவே ஆளே உதிர்ந்துவிட்டாள்.

"நோயாளி எல்லாரையும் வச்சுக்கிட்டு, உறவு இல்லாத இடத்தை மட்டும் காலியா காட்டச் சொல்லியிருக்கணும்மா. என் தப்புதான்" என்றார்.

"சொந்தம் இல்லாதவங்களுக்கு உசுரும் கிடையாதா?" என்றேன். தங்கையின் கட்டிலைத் தள்ள கம்ப்யூட்டர்காரரே ஒரு பக்கம் பிடித்தார்.

ஆனால் அவளுக்குச் சொந்தம் உண்டு. கொண்டுவந்து சேர்த்தவன் அவள் மகன். அன்று மாலை போனில் அவனைக் கேட்டேன். "நம்பர் குடுத்தா பொழுதுக்கும் கூப்பிடுவாங்க, பெரியம்மா. அதான் யாரும் இல்லன்னு சொல்லிட்டேன்" என்றான். தங்கை பிழைத்துக்கொண்டாள். அவன் சாப்பிட்டானா என்று என்னைக் கேட்கிறாள்.

இந்த வாக்குமூலத்தில் நான் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென்று கையெழுத்துப் போடுகிறேன். கம்ப்யூட்டர்காரரை மன்னித்துவிட்டேன், நர்ஸையும் மன்னித்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான் சாகும்வரை மன்னிக்க மாட்டாத ஆள் ஒருவன் உண்டு, அதையும் எழுதுங்கள்: என் தங்கை மகன்.