நீர் வடியும் வரை

தலைமையைத் தாங்கி, தாங்கியதைத் தவறவிடாமல் இறுகத் தழுவியிருக்கும் எங்கள் லக்ஷ்மிநாராயணன் சார் அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! மழலையை மடியிலும் மைக் சத்தத்தைக் காதிலும் சுமக்கும் தாய்மார்களே! கேம்ப் ரோட்டுப் புழுதியில் சைக்கிள் மிதித்து வந்த தோழர்களே! வணக்கம்.

சுருக்கமாக முடி என்கிறார் தனக்கோடி அண்ணன். முடிக்கிறேன் அண்ணா. முடிக்கத் தெரியாத ஒன்றைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எண்பத்தைந்து நவம்பர். ஏரி நிரம்பி, தெரு நிரம்பி, வீட்டுக்குள் விறகு மிதந்தது. அன்று நம் சேலையூர்க் குடியிருப்போர் சங்கம், தலைவர் லக்ஷ்மிநாராயணன் சாருக்கு அவசர அதிகாரம் தந்தது. எந்த அறையையும் பூட்டலாம், எந்தக் கூட்டத்தையும் தடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. எதுவரை? நீர் வடியும் வரை. கை தூக்கினோம். நானும் தூக்கினேன். அவரும் உழைத்தார், இடுப்பளவு நீரில் அரிசி சுமந்தார். மறுப்பவர் உண்டா? இல்லை.

ஆனால் இன்று எண்பத்தெட்டு பிப்ரவரி. போன மாதம், மூன்றாம் தெருவுக்குக் கால்வாய் கேட்டு மனுவில் கையெழுத்து வாங்கினார் சித்திகா அக்கா. மறுநாள், அவர் பாடம் நடத்தும் சங்க அறைக்குப் பூட்டு. பத்தாம் வகுப்புப் பெண்கள் பதினோரு பேர். இன்றிலிருந்து பரீட்சைக்கு இருபதே நாள். காரணம் கேட்டதற்குத் தலைவர் சொன்னார்: "நீர் இன்னும் வடியலையேம்மா."

உண்மை. மூன்றாம் தெரு முனையில் அரையடி நீர் நிற்கிறது. மாசி வெயிலிலும் வற்றாத மகா சமுத்திரம்! நான் சிவில் டிப்ளமோ. மேடுபள்ளம் அளக்கும் லெவல் கருவி வைத்துப் பார்த்தேன். அந்தச் சமுத்திரத்தின் ஊற்று, தலைவர் வீட்டு மொட்டைமாடித் தொட்டி. மோட்டாரைப் போடுகிறார், பேப்பரைப் பிரிக்கிறார், தொட்டி வழிகிறது, அதிகாரம் நீள்கிறது. குற்றம் சொல்லவில்லை சார், அளவு சொல்கிறேன்.

"இன்னும் சொல்லு, இன்னா பயம்?" என்கிறார் தாயாரம்மாள் அக்கா. சொல்கிறேன்.

எழுபத்தைந்தில் நாட்டுக்கே நெருக்கடி நிலை வந்ததே, மறந்தோமா? பேசியவர் சிறையில், எழுதியவர் சிறையில். பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். அமைச்சரவை எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு மாதத்தில் நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி கேட்க வேண்டும். உயிரைக் காக்கும் உரிமையை நிறுத்தவே கூடாது. டெல்லிக்கே தேதி உண்டு. சேலையூருக்குக் கிடையாதா?

ஆகவே என் தீர்மானம். வெள்ளம் வந்தால் அதிகாரம் ஏழு நாள். காரணம் எழுத்தில். நீட்டிக்க வேண்டுமா, பொதுக்குழுவைக் கேள். வகுப்பையும் மனுவையும் எந்த வெள்ளத்திலும் தொடாதே.

இதோ, தலைவர் எழுந்து சித்திகா அக்காவிடம் சாவியை நீட்டுகிறார். கைதட்டாதீர்கள், பொறுங்கள். அக்கா வாங்கவில்லை. என்ன சொல்கிறார், கேட்டீர்களா?

"இன்னிக்கு நீங்களா குடுத்தா, நாளைக்கு நீங்களா வாங்கிப்பீங்களே சார்."

இதற்கு மேல் நான் என்ன பேச? தயவாய்த் தந்தது தயவு தீர்ந்தால் போகும். உரிமையாய் வந்ததை ஒருவர் பறிக்க முடியாது. தீர்மானத்தை ஏற்பவர்கள் கை தூக்குங்கள்.

தாய்மார்கள் பக்கம் முழுதும். பின்வரிசை முழுதும். அட, மேடையிலும் ஒரு கை! தலைவரே, சாவியோடு தூக்கியிருக்கிறீர்கள்.

அக்கா, இப்போது வாங்கிக்கொள்ளுங்கள். நாளை மாலை ஆறு மணிக்கு வகுப்பு. பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், சிரித்துக்கொண்டே கேட்ட தலைவருக்கும் நன்றி, வணக்கம்.