மாமாவுக்கு ஊற்றின பங்கு

— கையை விடுங்க அக்கா. நான் கட்டணும்.

— மாட்டைக் கட்டுற மாதிரி கட்டாதீங்க சிஸ்டரம்மா. பதினெட்டு வருசம் சுரங்கத்துல பாறை உடைச்ச கை அது.

— அதே கைதான் காலையிலேருந்து ரெண்டு தடவை டிரிப்ஸைப் புடுங்கிப் போட்டுருச்சு. துணியாலதான் கட்டுறேன், வலிக்காது. செவெரினோ அண்ணே, இங்க பாருங்க. நான் நர்ஸ் ஒஃபீலியா. இது ஆஸ்பத்திரி.

— செவுத்தப் பாரு பசீலியா. எறும்பு. போர்வைக்குள்ள பூந்துருச்சு. தட்டி விடு புள்ள.

— எறும்பு எதுவும் இல்லைங்க. நான்தான் பக்கத்துல இருக்கேனே.

— சத்தம் போடாத. மாமா கட்டில் காலடியில உக்காந்திருக்காரு. அந்தப் பக்கம் செனோன் தட்டுறான். மூணு தட்டு. நான் பதில் தட்டணும், கையை விடச் சொல்லு.

— பாத்தீங்களா, கட்டில் கம்பியை மூணு தட்டு தட்டிட்டுக் காது குடுத்துக் கேக்குறாரு. யாருக்கா அந்த செனோன்?

— இவரோட வேலைக் கூட்டாளி. திங்கக்கிழமை வீட்டுக்கு வந்து சொல்லிக்கிட்டு, சிலி நாட்டுக்குப் பொழைக்கப் போயிட்டாரு. வழிக்கு அவிச்ச கிழங்கு கட்டிக் குடுத்ததே நான்தான். மறுநாள் செவ்வாக்கிழமை சுரங்கம் சரிஞ்சு, இவரைத் தனியாத் தூக்கிட்டு வந்தாங்க. இவருக்கு நெனவு இல்ல. உள்ள வேற யாராச்சும் உண்டான்னு சுரங்கத்தை நடத்துற கூட்டுறவுக்காரங்க என்னைத்தான் கேட்டாங்க. யாரும் இல்லைன்னேன். புதன்கிழமை கண்ணு திறந்ததுலேருந்து இவருக்கு இந்த செனோன் பேச்சுதான்.

— அப்போ அதுவும் நோயோட சேர்ந்ததுதான். அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. அண்ணன் தினம் எவ்வளவு குடிப்பாரு?

— குடியா? சேர்க்கும்போதே டாக்டர் கேட்டாரு, கிடையாதுன்னு சொன்னேனே. ரெண்டு வருசம் முந்தி சுரங்க மாதா முன்னால சத்தியம் பண்ணாரு. அன்னையிலேருந்து சாராயக்கடை வாசலை மிதிக்கல.

— இந்த வேர்வை, நடுக்கம், எறும்பு எல்லாம் தினம் குடிக்கிறவங்க சட்டுனு நிறுத்தினா வர்றது. மூணாம் நாள் வரும். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, மூணு நாள் ஆச்சு. வலிப்பு வந்து இதே வார்டுல போனவங்களும் உண்டு. அளவு தெரிஞ்சாத்தான் மருந்தை எவ்வளவு போடணும்னு டாக்டர் சொல்ல முடியும்.

— குடிக்கிறதே இல்லைங்குறேன். நீங்க மாமாவுக்கு ஊத்துறதைச் சொல்றீங்களா?

— யாரு மாமா?

— நீங்க சமவெளிப் பொண்ணு, உங்களுக்குத் தெரியாது. சுரங்கத்துக்குள்ள கொம்பு வச்ச சிலையா உக்காந்திருக்காரே, கீழ இருக்குற எல்லாத்துக்கும் சொந்தக்காரரு, அவருதான். மண்ணுல அவரு பங்கை ஊத்திட்டு, மிச்சத்தைக் கூட உக்காந்து குடிக்கணும். இல்லைன்னா கல்லு தலையில விழும். புதுசா வேலைக்கு வந்தாலும் ஊத்தணும், வேலையை விட்டுப் போனாலும் ஊத்தி விடை வாங்கிட்டுத்தான் போகணும். பெரிய மனுசரு கூப்பிட்டுக் குடுத்தா அது குடியாகுமா? தரைக்கு மேலதான் மாதாவோட சத்தியம். கீழ மாமா வச்சதுதான் சட்டம்.

— என்ன ஊத்துவாங்க?

— சுத்த ஸ்பிரிட்டு. வேற எதையும் அவரு தொட மாட்டாரு.

— தினமுமா?

— முந்தியெல்லாம் வெள்ளிக்கிழமைதான். வெள்ளீயம் கிடைக்காமப் போனதுலேருந்து, மாமா கோவமா இருக்காருன்னு தினம் ஊத்துறாங்க.

— உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு?

— ரெண்டு புட்டி. சின்னப் புட்டிதான். நேரா நடந்துதான் வீட்டுக்கு வருவாரு சிஸ்டரம்மா.

— தினம் ரெண்டு புட்டி ஸ்பிரிட்டு. மூணு நாளா எதுவுமே இல்ல. அது குடிதான் அக்கா.

— நான் பொய் சொல்லல. எனக்கு அது குடியாத் தோணவே இல்ல. என் வாயாலயே அவரைக் கொன்னுட்டேனா?

— இப்பவாச்சும் சொன்னீங்களே. டாக்டரைக் கேட்டு ஊசியைத் தொடங்குறேன். கொஞ்சம் கொஞ்சமா, கண்ணு சொருகுற வரைக்கும் போடணும். வைட்டமினும் ஏத்தணும். நீங்க ஜன்னல் துணியைச் சரி பண்ணுங்க, நிழல் விழுந்தா அவருக்கு ஆளாத் தெரியும். பக்கத்துல உக்காந்து மெதுவாப் பேசுங்க. செனோன் சிலியில இருக்காருன்னு திரும்பத் திரும்பச் சொல்லுங்க. அப்பத்தான் அமைதியாவாரு.

— கேட்டீங்களா? செனோன் சிலியில இருக்காரு. நல்லா இருக்காரு. யாரும் தட்டல.

— தட்டுறான் புள்ள. முன்ன மாதிரி இல்ல. மெதுவாத் தட்டுறான்.

— சிலியில இருக்காருங்க. தூங்குங்க.

* * *

— முழிச்சுட்டீங்களா அண்ணே? ரெண்டு நாள் நல்லாத் தூங்கினீங்க. கட்டை அவுத்தாச்சு. உங்க பேரு என்ன, சொல்லுங்க.

— செவெரினோ.

— இது எந்த இடம்?

— ஆஸ்பத்திரி. மருந்து நாத்தமே சொல்லுதே. நீங்க நர்சம்மா. அந்த அழுமூஞ்சி என் பொண்டாட்டி.

— பாத்தீங்களா சிஸ்டரம்மா, ஞாயித்துக்கிழமையாப் பாத்து மனுசனுக்குக் கிண்டல் திரும்பிருச்சு.

— செவுத்துல எறும்பு ஏதாச்சும் தெரியுதா அண்ணே?

— எறும்பா? வெறும் சுண்ணாம்புதான் தெரியுது.

— கொம்பு வச்ச மாமா?

— சுரங்கத்தை விட்டு அவரு எதுக்கும்மா இங்க வர்றாரு?

— தெளிஞ்சுட்டாருக்கா. இனிமே பயம் இல்ல.

— சாயங்காலமே போய் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன். எத்தனை நாளாச் செத்துச் செத்துப் பொழைச்சேன் தெரியுமா? ஏங்க, அந்த செனோன் தட்டுற சத்தம், அதுவும் போயிருச்சா?

— இங்க எப்படிப் புள்ள கேக்கும்? அது சுரங்கத்துல. கல்லு சரிஞ்சு, அந்தப் பக்கம் அவன் மாட்டிக்கிட்டான், இந்தப் பக்கம் நான். அவன் மூணு தட்டுவான், நான் மூணு தட்டுவேன். எனக்கு மயக்கம் வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே இருந்தோம்.

— சிலிக்குப் போறேன்னுதானே வீட்டுல வந்து சொன்னாரு?

— விடை வாங்காமப் போவானா? கடைசியா மாமாவுக்கு ஊத்திட்டுப் போறேன்னு செவ்வாக்கிழமை புட்டியோட வந்து நின்னான் பாவம். நீ ஏன் இப்படி வெளிறிப் போயிட்ட? அவனை எந்த வார்டுல படுக்க வச்சிருக்காங்க?